மதில் இருந்த இடத்தில் ஓடும் ட்ராம்: பாரிஸின் ரி3பி பாதையில் ஒரு பயணம்

பாரிஸ் நகரத்தின் விளிம்பைச் சுற்றி ஓடும் ரி3பி ட்ராம் பாதையின் புதிய நீட்சி 2024 ஏப்ரல் 5ஆம் திகதி மக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டது. வடமேற்கில் போர்த் தஸ்னியேரில் முடிந்துகொண்டிருந்த பாதை இப்போது போர்த் மையோவைக் கடந்து போர்த் டோஃபீன் வரை செல்கிறது. 3.2 கிலோமீற்றர் தூரம், ஏழு புதிய தரிப்பிடங்கள். அந்த வருட ஒலிம்பிக் போட்டி நெருங்கிக்கொண்டிருந்ததால், போட்டிக்கான ஆயத்தங்களில் ஒன்றாகவே இங்குள்ள பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதின.

மே 18 நினைவு நிகழ்வுகளுக்காகப் பாரிஸ் வந்திருந்த நான், அந்த வாரம் முடிந்ததும் இந்தப் பாதையில் லாச்சப்பல் பக்கமிருந்து கடைசித் தரிப்பிடம் வரை போய்வந்தேன். கூட வந்தவர் என் தாய்வழி மாமா. முல்லைத்தீவில் கடற்றொழில் செய்தவர். 2009இல் ஷெல் வீச்சில் இடதுகாலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இப்போது லா கூர்னவ்வில் வசிக்கிறார். செயற்கைக்கால் பொருத்தி நடப்பார்; கால் புண்பட்டிருக்கும் நாட்களில் சக்கர நாற்காலி. நாங்கள் போனது சக்கர நாற்காலி நாள்.

ஒரு நகரத்தின் போக்குவரத்தைப் பற்றி எங்களுடைய வாசகர்களுக்கு ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. ஐரோப்பாவின் பளபளப்பைக் காட்டி ஊரைக் குறைசொல்லும் கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய உண்டு. ஆனால் இந்தப் பாதை ஓடும் நிலத்துக்கு ஒரு யுத்த வரலாறு இருக்கிறது. அதன் தரிப்பிடங்களின் பெயர்களுக்குப் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது. அதன் தரைமட்டம் எத்தனை சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பது, காலை இழந்த ஒருவர் வீட்டைவிட்டு வெளியே போவாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த மூன்றும் எங்களுக்குத் தொடர்பில்லாத விடயங்கள் அல்ல.

பாதையின் வளர்ச்சி

பாரிஸ் நகருக்குள் பழைய ட்ராம்கள் 1937இல் முற்றாக நிறுத்தப்பட்டன. காருக்கும் பஸ்ஸுக்கும் வழிவிடுவதே நவீனம் என்று அந்தக் காலம் நம்பியது. புறநகரில் 1992இல் சென்-துனிக்கும் பொபினிக்கும் இடையே ரி1 பாதையுடன் ட்ராம் திரும்பி வந்தது. நகர எல்லைக்குள் அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2006 டிசெம்பரில், தெற்கு விளிம்பில்.

கிழக்கிலும் வடக்கிலும் ஓடும் ரி3பி, போர்த் து வன்செனுக்கும் போர்த் து லா சப்பலுக்கும் இடையே 2012 டிசெம்பர் 15இல் தொடங்கியது. 2018 நவம்பர் 24இல் எட்டுத் தரிப்பிடங்கள் கூடி போர்த் தஸ்னியேர் வரை நீண்டது. இப்போது மூன்றாவது கட்டமாக போர்த் டோஃபீன். மொத்தம் 33 தரிப்பிடங்கள்.

இன்று நகரத்தைச் சுற்றிய வட்டத்தில் ஒரு துண்டு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. போர்த் டோஃபீனுக்கும், தெற்கில் ரி3ஏ பாதை தொடங்கும் கரிலியானோ பாலத்துக்கும் இடைப்பட்ட மேற்குப் பகுதி அது. பாரிஸின் செல்வந்தர்கள் வாழும் 16ஆம் வட்டாரம். அங்கே இன்னும் பி.சி. என்ற பஸ்தான் ஓடுகிறது. தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த வடக்கும் கிழக்கும் தெற்கும் ட்ராமைப் பெற்ற பிறகே பாதை செல்வந்தர்களின் பக்கம் வந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. எங்கள் நாட்டில் வீதிகளும் மின்சாரமும் பெரும்பாலும் நேர்மாறான ஒழுங்கிலேயே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

மதிலும் வலயமும்

இந்தப் பாதையில் உள்ள பல பெயர்கள் ‘போர்த்’ என்று தொடங்கும். போர்த் என்றால் வாசல். எந்த வீட்டின் வாசல் என்று கேட்டால், பதில் ஒரு மதிலில் இருக்கிறது.

1841க்கும் 1844க்கும் இடையில், பிரதமராக இருந்த அடோல்ஃப் தியேரின் முன்முயற்சியில், பாரிஸைச் சுற்றி ஏறத்தாழ 33 கிலோமீற்றர் நீளமான கோட்டைமதில் கட்டப்பட்டது. மதிலுக்கு வெளியே ஓர் அகழி. அதற்கு அப்பால் 250 மீற்றர் அகலத்துக்கு எவரும் எதையும் கட்டக்கூடாது என்று இராணுவச் சட்டம். பீரங்கிச் சூட்டுக்கு மறைப்பாக எதுவும் இருக்கக்கூடாது என்பதே காரணம். பாரிஸ்வாசிகள் அந்த நிலத்தைச் சுருக்கமாக ‘ஸோன்’, அதாவது ‘வலயம்’, என்று அழைத்தார்கள்.

‘வலயம்’ என்ற சொல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படாத சொல். வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடு அகப்பட்டவர்கள் இந்த வரியை ஒருமுறைக்கு இருமுறை வாசிப்பார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. பாரிஸின் வலயத்துக்குள், சட்டத்தை மீறி, நகரத்தில் இடம் கிடைக்காத பல்லாயிரம் ஏழைகள் தகரத்தாலும் பலகையாலும் குடிசை கட்டி வாழ்ந்தார்கள். எங்களுடைய வலயத்தில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

அந்த மதில் காக்க வேண்டிய நேரத்தில் பெரிதாக எதையும் காக்கவில்லை. 1871இல் பாரிஸ் கொம்யூன் காலத்தில் சொந்த நாட்டின் அரச படைகளே நகரத்தைத் தாக்கின. இன்று புதிய ட்ராம் நிற்கும் போர்த் மையோப் பகுதி அப்போது வாரக்கணக்காக ஷெல்லடிக்கு உள்ளானது. மே மாதக் கடைசியில் நகரம் வீழ்ந்தது.

முதலாம் உலகப்போர் முடிந்த பிறகு, 1919 முதல் பத்து வருடங்களில் மதில் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் மலிவு வாடகைக் குடியிருப்புகள், விளையாட்டு மைதானங்கள், பூங்காக்கள் எழுந்தன. மதிலின் உட்பக்கமாக ஓடிய இராணுவ வீதிக்கு ஏற்கெனவே நெப்போலியனின் தளபதிகளுடைய பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. நெய், மக்டொனால்ட், பெர்த்தியே, பெஸியேர், கூவியோன்-சென்-சீர். அந்த வீதியின் மேல்தான் இன்றைய ட்ராம் ஓடுகிறது. இராணுவ ரோந்துக்குப் போட்ட வீதியில், வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிறார்கள்.

லாச்சப்பலில் இருந்து ஏறுதல்

லாச்சப்பல் என்று எங்களுடைய ஆட்கள் சொல்வது, கார் து நோர் புகையிரத நிலையத்துக்குப் பின்னாலுள்ள கடைத்தெருவை. தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் புடவைக்கடைகளும் கொத்துரொட்டிச் சத்தமும் உள்ள இடம். ட்ராம் அங்கே வருவதில்லை. அது வடக்கே, நகர எல்லையிலுள்ள போர்த் து லா சப்பலில் நிற்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் புதியவர்கள் உண்டு. நாங்கள் லாச்சப்பலில் இருந்து பஸ்ஸில் அங்கே போனோம். பஸ் கதவடியில் இருந்து ஒரு சாய்தளம் நீண்டு வந்து நடைபாதையில் படிய, மாமா நாற்காலியைத் தானே உருட்டி ஏறினார்.

போர்த் து லா சப்பலின் பெயர் சில வருடங்களுக்கு முன்வரை வேறு காரணங்களுக்காகச் செய்திகளில் வந்தது. ஆப்கானிஸ்தானிலும் சூடானிலும் இருந்து வந்தவர்கள் மேம்பாலங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துத் தங்கிய இடம் அது. பொலிஸார் வந்து கலைப்பார்கள், சில நாட்களில் கூடாரங்கள் திரும்ப முளைக்கும். இப்போது அங்கே 2024 பெப்ரவரியில் திறக்கப்பட்ட அடிடாஸ் உள்ளக அரங்கம் நிற்கிறது. 2024 ஒலிம்பிக் பட்மின்டன் போட்டிகள் அங்கேதான் நடந்தன. கூடாரத்தில் இருந்தவர்கள் அரங்கத்துக்குள் போகவில்லை, நகரத்தின் வேறு விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டார்கள். அகதியாக ஒருநாளாவது இருந்தவர்கள் இந்த இரண்டாவது விடயத்தையும் சேர்த்தே அந்தத் தரிப்பிடத்தைப் பார்ப்பார்கள்.

ட்ராம் வந்தது. ஏறத்தாழ 44 மீற்றர் நீளம், ஏழு பெட்டிகள் ஒன்றோடொன்று இணைந்தவை, சுமார் 300 பேரை ஏற்றக்கூடியது. மேடையின் உயரமும் வண்டியின் தரையும் ஒரே மட்டம். இரண்டுக்கும் இடையில் இருந்த இடைவெளி என் இரண்டு விரல் அகலம்தான். கதவு திறந்ததும் மாமா நேராக உள்ளே உருட்டிப் போய், சக்கர நாற்காலிக்கு ஒதுக்கிய இடத்தில் பிரேக்கைப் போட்டார். நான் பின்னால் ஏறிப் பயண அட்டையை இயந்திரத்தில் தொடுவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.

“இதில ஏறுறதுக்கு ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லைப் பிள்ளை” என்றார். “பஸ்ஸில எண்டாலும் றைவர் அந்தத் தட்டை இறக்கோணும். அவர் மறந்தா நான் கையைக் காட்டோணும். இதில அதுவுமில்லை.”

மெட்ரோ செய்யாததை ட்ராம் செய்கிறது

பாரிஸ் மெட்ரோவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். 300க்கும் மேற்பட்ட நிலையங்கள் கொண்ட அந்த மெட்ரோவில், சக்கர நாற்காலியில் வருபவர் எல்லா நிலையங்களிலும் ஏறி இறங்கக்கூடிய பாதை 1998இல் தொடங்கிய 14ஆம் பாதை ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் படிக்கட்டுகளே. பிரான்சின் 2005 பெப்ரவரி மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுப்போக்குவரத்தை எல்லோரும் பயன்படுத்தத்தக்கதாக மாற்றப் பத்து வருட அவகாசம் கொடுத்தது. நிலத்தடி மெட்ரோவுக்கு அதிலிருந்து விலக்கும் கொடுத்தது. நூற்றாண்டு பழைய சுரங்கங்களில் மின்தூக்கி வைப்பது கடினம், செலவு அதிகம் என்பது வாதம். 2024 ஓகஸ்ட் கடைசியில் பரா ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கியபோது வந்த வீரர்களுக்கும் அதே படிக்கட்டுகள்தான்.

ட்ராம் பாதைகள் அப்படியில்லை. அவை புதிதாகக் கட்டப்பட்டவை என்பதால், முதல் வரைபடத்திலேயே மேடையின் உயரம் எழுதப்பட்டிருக்கிறது. பின்னர் ஒட்டவைக்கும் வசதியாக அது வரவில்லை.

இதை நாங்கள் அன்றே பரிசோதித்தும் பார்த்தோம். போர்த் டோஃபீனில் இருந்து லாச்சப்பலுக்கு மெட்ரோவின் 2ஆம் பாதை நேராக வருகிறது. 13 நிலையங்கள். திரும்பும்போது நான் அதில் வந்தேன். லாச்சப்பல் நிலையம் வீதிக்கு மேலே, இரும்புத் தூண்களில் நிற்பது. இறங்குவதற்குப் படிக்கட்டுத்தான். மாமா அந்த வழியால் வரவே முடியாது. அவர் ட்ராமில் 15 தரிப்பிடங்கள் வந்து, பிறகு பஸ் எடுத்தார். என்னைவிட ஏறத்தாழ அரை மணித்தியாலம் பிந்தினார். ஆனால் தனியாக வந்தார். இந்த நீட்சி திறக்கப்படும்வரை அந்த வழியும் அவருக்கு முழுமையாக இருக்கவில்லை.

போர்த் து கிளிஷியில் ஒரு கோபுரம்

மேற்கு நோக்கிப் போகையில் முதலில் தியான் ஆர்பஸ், பிறகு பழைய பொருட் சந்தைக்குப் பெயர்பெற்ற கிளின்யான்கூர். வீதியின் பல இடங்களில் தண்டவாளத்துக்கு நடுவே புல் வளர்த்திருக்கிறார்கள். புல்லுக்குள்ளால் ஓடும்போது சத்தம் குறைகிறது, மழைநீரும் மண்ணுக்குள் இறங்குகிறது. ட்ராமுக்கென்று தனித்தடம் இருப்பதாலும், சந்திகளில் சமிக்ஞை விளக்குகள் அதற்கு முன்னுரிமை கொடுப்பதாலும், பக்கத்தில் கார்கள் வரிசையில் நிற்க நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

போர்த் து கிளிஷியில், பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல ஒரு கண்ணாடிக் கோபுரம். 160 மீற்றர் உயரம். இத்தாலியக் கட்டடக்கலைஞர் ரென்ஸோ பியானோ வடிவமைத்த பாரிஸ் நீதிமன்றம். நகர மையத்திலுள்ள தீவில் நூற்றாண்டுகளாக இருந்த நீதிமன்றம் 2018இல் இங்கே இடம்மாறியது. தரிப்பிடத்தின் பெயரிலும் நீதிமன்றம் சேர்ந்திருக்கிறது.

எங்களுடைய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று: இனப்படுகொலை, மானிடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் ஆகியவற்றை விசாரிப்பதற்கென ஒரு சிறப்புப் பிரிவு 2012 முதல் பாரிஸ் நீதிமன்றத்தின் கீழ் இருக்கிறது. வேறு நாடுகளில் நடந்த குற்றங்களுக்கும், சில நிபந்தனைகளுடன், பிரான்சில் வழக்குத் தொடரலாம். ருவாண்டா, லைபீரியா, சிரியா தொடர்பான வழக்குகள் அப்படித்தான் தீர்ப்புவரை போயின. மாமா அந்தக் கோபுரத்தை யன்னலால் நிமிர்ந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. அவருடைய தரிப்பிடம் அதுவல்ல.

பெயர்கள்

இந்தப் பாதையில் ஒவ்வொரு தரிப்பிடத்தின் பெயரும் ஒரு சிறு இசைத்துணுக்குடன் இரண்டு தடவை சொல்லப்படும், இரண்டு வேறு குரல்களில். பார்வையற்றவர்களுக்கு அது வழிகாட்டி. மற்றவர்களுக்கு அது ஒரு பெயர்ப்பட்டியல். காதைக் கொடுத்தால் ஒன்று விளங்கும்: வீதிகளுக்குத் தளபதிகளின் பெயர், தரிப்பிடங்களுக்குப் பெண்களின் பெயர்.

வன்சென் தொடக்கம் எண்ணினால்: ஆசியாவில் நெடுந்தூரம் பயணித்து 1924இல் லாசா சென்றடைந்த அலெக்ஸாண்ட்ரா தாவித்-நேல். பெரிய நாளிதழொன்றை நடத்திய முதல் பிரெஞ்சுப் பெண் ஊடகவியலாளர் செவெரீன். 1921இல் அந்தீஸ் மலைத்தொடரைத் தனி விமானத்தில் கடந்த அட்ரியென் பொலான். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரல்ட். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 400 மீற்றரில் தங்கம் வென்ற கொலெட் பெஸோன். பியானோக் கலைஞர் மார்கரித் லோங். மொன்ட்கொமரி நகரப் பஸ்ஸில் ஆசனத்தை விட்டெழ மறுத்துக் கைதான ரோஸா பார்க்ஸ். அவருடைய கைதையடுத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்களைப் பகிஷ்கரித்தார்கள். பொதுப்போக்குவரத்து நிலையமொன்றுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது.

புதிய நீட்சியிலும் அதே வழக்கம். கவிஞர் அன்னா து நொவாயின் பெயர் ஒன்றுக்கு. தெரேஸ் பியேரின் பெயர் இன்னொன்றுக்கு. தெரேஸ் பியேர் ஓர் ஆசிரியை. ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரித்தனிப் பிரதேசத்தில் எதிர்ப்பியக்கத்தில் இயங்கி, 1943 ஒக்டோபரில் கைதாகி, சித்திரவதைக்கு உள்ளாகி, சில நாட்களில் சிறையில் இறந்தவர். தினமும் ஆயிரக்கணக்கானோர் காதில் அவருடைய பெயர் விழுகிறது. அவர் யாரென்று தெரியாதவர்களும் ‘தெரேஸ் பியேரில் இறங்கு’ என்று சொல்லப் பழகுவார்கள்.

கடைசித் தரிப்பிடமான போர்த் டோஃபீனில் இருந்து தொடங்குகிறது அவெனியூ ஃபோஷ். நகரத்தின் மிக விலைகூடிய வீதிகளில் ஒன்று. அதன் 84ஆம் இலக்கக் கட்டடம் ஆக்கிரமிப்புக் காலத்தில் நாஸிப் பாதுகாப்புச் சேவையின் விசாரணைத்தளம். திப்பு சுல்தானின் வழித்தோன்றலான நூர் இனாயத் கான், பிரித்தானியாவின் இரகசிய வானொலி இயக்குநராகப் பாரிஸில் பணியாற்றியபோது 1943இல் பிடிபட்டு அங்கே தடுத்துவைக்கப்பட்டார். அடுத்த வருடம் டக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். தரிப்பிடத்துக்குப் பக்கத்திலுள்ள பல்கலைக்கழகக் கட்டடம் 1960களின் நடுப்பகுதிவரை நேட்டோவின் தலைமையகம்.

இதையெல்லாம் பார்த்து, நினைவுகூர்தலில் பிரான்ஸ் குறையற்ற நாடு என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். 1961 ஒக்டோபர் 17இல், ஊரடங்கை எதிர்த்து ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைப் பாரிஸ் பொலிஸ் அடித்தும் சுட்டும் சென் நதியில் எறிந்தும் கொன்றது. போர்த் மையோவில் இருந்து நேராக மேற்கே போனால் வரும் நொய்யி பாலம் அன்று இரத்தம் சிந்திய இடங்களில் ஒன்று. நகரத்தில் அதற்கொரு நினைவுப்பலகை வைக்க 40 வருடங்கள் பிடித்தன. ஜனாதிபதி ஒருவர் அந்த இரத்தக்களரியை ஏற்றுச் சொன்னது 2012இல். வென்ற தரப்பின் தியாகிகளுக்குப் பெயர்ப்பலகை விரைவாக வரும். அரசே கொன்றவர்களுக்கு அது பிந்தித்தான் வரும், அதுவும் கேட்டுக் கேட்டு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதும், மாணவர்களின் போராட்டத்தின் பின் அதே வருடம் ஏப்ரலில் அது திரும்பக் கட்டித் திறக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தத் தூபிக்கும் இந்தத் தரிப்பிடப் பெயருக்கும் அடிப்படையில் ஒரே கேள்விதான்: பொது இடத்தில் யாருடைய பெயர் உரத்துச் சொல்லப்படலாம்?

பயணச்சீட்டும் பயன்பாடும்

உறவினரைப் பார்க்கப் பாரிஸ் வருபவர்களுக்குச் சில குறிப்புகள். 2024இல் தனிப் பயணச்சீட்டு 2.15 யூரோவாக இருந்தது. ஒரு சீட்டுடன் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ட்ராமிலிருந்து பஸ்ஸுக்கும் பஸ்ஸிலிருந்து ட்ராமுக்கும் மாறலாம். மெட்ரோவுக்கு மாற அதே சீட்டுச் செல்லாது. 2024 ஜூலை 20 முதல் செப்டெம்பர் 8 வரை, ஒலிம்பிக் காலத்தில், தனிச்சீட்டின் விலை 4 யூரோவாக உயர்த்தப்பட்டது.  மாத அட்டை வைத்திருந்த உள்ளூர்வாசிகளுக்கு அந்த உயர்வு இருக்கவில்லை. அந்த வருடம் அவர்களுக்கு மாதம் 86.40 யூரோவாக இருந்தது.

ட்ராமில் தடுப்புக் கதவுகள் இல்லை. உள்ளே ஏறியதும் அட்டையை அல்லது சீட்டை இயந்திரத்தில் பதிய வேண்டும். பதியாமல் பிடிபட்டால் தண்டப்பணம். போர்த் மையோவில் ஆர்.ஈ.ஆர். ஈ புகையிரதத்துக்கு மாறலாம். அந்தப் புகையிரதப் பாதையின் நீட்சியும் 2024 மே 6ஆம் திகதிதான் திறக்கப்பட்டது. போர்த் து கிளிஷியில் மின்தூக்கியுடன் கூடிய 14ஆம் மெட்ரோப் பாதை கிடைக்கும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் இந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பாதையால் யாருக்கு உடனடிப் பயன் என்பதை வண்டிக்குள்ளேயே பார்க்கலாம். போர்த் மையோப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலைசெய்யும் வடமராட்சிக்காரர் ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டுக் கதைத்தார். “முந்தி போர்த் தஸ்னியேரில இறங்கி பஸ்ஸுக்கு நிக்கோணும் தங்கச்சி. பஸ் ட்ரபிக்கில மாட்டினா செஃப்பிட்ட ஏச்சு. இப்ப ஒரே வண்டி” என்றார். செல்வந்த வட்டாரத்துக்கு ட்ராம் போவதால் முதலில் பயனடைவது, அங்கே விடிய முதல் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

கொழும்பின் ட்ராமும் வடக்கின் பஸ்ஸும்

இலங்கைக்கு ட்ராம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொழும்பில் மின்சார ட்ராம்கள் ஓடத் தொடங்கின. கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் பாதைகள் இருந்தன. 1929இல் ஏ.ஈ. குணசிங்க தலைமையில் நடந்த ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் அது முக்கியமான ஓர் அத்தியாயம். 1960இல் கொழும்பின் ட்ராம்கள் நிறுத்தப்பட்டன. பாரிஸ் தான் கைவிட்ட ட்ராமைத் திரும்பக் கொண்டுவந்தது. கொழும்பு, ஜப்பானியக் கடனுதவியுடன் மாலபேக்கும் கோட்டைக்கும் இடையே திட்டமிட்ட இலகு புகையிரதத்தை 2020 செப்டெம்பரில் இரத்துச் செய்தது.

வடக்கின் கதை வேறு. 1990இல் நின்ற யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வர 2014 ஒக்டோபர் ஆயிற்று. ஒரு தலைமுறை புகையிரதத்தைப் பார்க்காமலே வளர்ந்தது. இன்று எங்களுடைய ஊர்களில் நடமாட்டம் என்றால் பஸ்தான், அல்லது சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள். யாழ்ப்பாண வீதிகளில் ட்ராம் ஓட வேண்டும் என்று நான் எழுதவில்லை. அதற்கு வீதியும் போதாது, பணமும் போதாது.

ஆனால் பஸ்ஸின் முதற்படி இன்னும் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஊரில் இருந்த காலத்தில் மாமா பஸ் ஏறுவதை எப்படிக் கைவிட்டார் என்று கேட்டேன். அவர் செயற்கைக்காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து உன்னும்போது, பின்னாலிருந்து ‘கெதியா ஏறுங்கோ’ என்று சத்தம் வரும். ஒருநாள் பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. விழவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஏறவில்லை. கிளினிக்குக்கு மட்டும் ஓட்டோ பிடித்தார். மற்ற இடங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். சங்கக் கூட்டம், கோயில், நண்பன் வீட்டுச் சடங்கு எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வன்னியில் இப்படி வீட்டோடு இருந்துவிட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் வெளியே வராததால், அவர்களுக்கு ஒரு தேவை இருப்பதும் வெளியே தெரிவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவைகளுக்கான அணுகல்வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாகின. பஸ்களில் முன் ஆசனம் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கிறது, கர்ப்பிணித் தாய்மாருக்கு என்றும் எழுதியிருக்கிறது. ஆசனம் ஒதுக்கினால் போதாது, அதுவரை ஏறிப்போக வழி வேண்டும்.

ரி3பியில் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை விலை குறைந்தவை. பிரதான பஸ் தரிப்பிடங்களில், முக்கியமாக வைத்தியசாலைகளுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் முன்னால், சீமெந்தால் ஓர் உயர்த்திய மேடை. அதன் இரு முனையிலும் சாய்தளம். பஸ் அந்த மேடையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்ற விதி, அதை நடைமுறைப்படுத்த ஒரு நேரக்காப்பாளர். தரிப்பிடத்தின் பெயரை நடத்துநர் உரத்துச் சொல்வது. புதிதாக வாங்கும் பஸ்களில் தாழ்தளம் உள்ளவை சிலவாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. முதல் மூன்றுக்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. பிரதேச சபையும் பஸ் சங்கமும் ஒரு மேசையில் அமர்ந்தால் செய்யலாம்.

 வாக்குக் கேட்டு வருபவர்களிடம் வீதிக்குத் தார் கேட்கிறோம். இனிமேல் படியின் உயரத்தையும் கேட்போம். கேட்கும்போது, வீட்டுக்குள் இருக்கும் அந்த ஒருவரையும் வாசலுக்குக் கூட்டிவந்து, அவரையே பேசவிடுவோம்.